வெட்டுப்பட்ட முகத்தின் விலை

“மாமா, ரோமானியக் காசு ஒண்ணு 1,500 ரூபாய்க்கு விக்கிறாங்க. கரூர் ஆத்துல எடுத்ததாம். வாங்கிடட்டுமா?”

சிதம்பரத்தில் படிக்கும் அக்கா மகன் விடுமுறைக்குப் பரங்கிப்பேட்டை வந்திருந்தபோது கைபேசியை நீட்டிக் கேட்டான். திரையில் பச்சைக் களிம்பு ஏறிய ஒரு சிறு செப்புக்காசு, அளவு தெரிவதற்காகப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம். முப்பது வருடமாகப் பழங்காசு சேர்க்கிற எனக்கே சட்டென்று பதில் வரவில்லை. காசு அசலா என்பது ஒரு கேள்வி. அசல் என்றாலும் 1,500 ரூபாய் மலிவுதானா என்பது இன்னொரு கேள்வி. கரூர் ஆற்றில் எடுத்த காசை ஒருவர் விற்கலாமா, அதை நாம் வாங்கலாமா என்பது இவை இரண்டையும் விடப் பெரிய கேள்வி. இணையத்தில் பழங்காசு தேடும் இளைஞர்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். முதல் கேள்வியோடு நின்றுவிடுபவர்களே அதிகம். மூன்றாவதைக் கேட்பவரை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

பரங்கிப்பேட்டைக்குக் காசு புதிய சங்கதி அல்ல. வெள்ளாறு கடலில் கலக்கும் இந்த ஊருக்குப் போர்த்துக்கீசியர் வைத்த பெயர் போர்ட்டோ நோவோ, அதாவது புதிய துறைமுகம். டச்சுக்காரரும் ஆங்கிலேயரும் மரக்காயர்களும் வணிகம் செய்த துறை இது. ‘போர்ட்டோ நோவோ பகோடா’ என்று ஊரின் பெயரிலேயே ஒரு பொன் வராகன் புழங்கியிருக்கிறது. ரோமானியர் கதைக்கு அதற்கும் ஆயிரத்து அறுநூறு ஆண்டு முன்னே போக வேண்டும். கடலோரமாக வடக்கே போனால் கடலூருக்குப் பக்கத்தில் காரைக்காடு, குடிகாடு. கல்மணி செய்த ஊர். உருள்கருவியால் புள்ளிக்கோலம் இட்ட ‘ரௌலட்டட்’ பானையோடுகள் கிடைத்த இடம். இன்னும் வடக்கே அரிக்கமேடு. 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது இத்தாலியில் செய்த அரெட்டைன் மண்கலங்களும், மதுவும் எண்ணெயும் வந்திறங்கிய ஆம்போரா சாடிகளும் வெளிவந்தன.

ஆனால் பெரிய ரோமானியக் காசுப் புதையல்கள் துறைமுகங்களில் அகப்படவில்லை. அவை பெரும்பாலும் உள்நாட்டில், கொங்கு நாட்டில்தான் அகப்பட்டன: பொள்ளாச்சி, வெள்ளலூர், கரூர், கத்தாங்கண்ணி, பூதிநத்தம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்குக் கரையிலிருந்து வந்த பாதை அது. படியூரின் நீலப்பச்சைக் கல்லும் கொடுமணலின் மணிப் பட்டறைகளும் அந்தப் பாதையில்தான் இருந்தன. கோயம்புத்தூரை ஒட்டிய வெள்ளலூரில் 1842-இல் கிடைத்த ஒரே புதையலில் 500-க்கும் மேற்பட்ட வெள்ளிக் காசுகள் இருந்தன.

அந்த வெள்ளிக் காசின் பெயர் தெனாரியஸ். இன்றைய ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் சிறியது, எடை நாலு கிராமுக்குச் சற்றுக் குறைவு. தமிழ்நாட்டுப் புதையல்களில் இரண்டு வகைகள் திரும்பத் திரும்ப வரும். ஒன்றில் ரோமானியப் பேரரசர் அகஸ்டஸின் முகம். பூப்பக்கத்தில் அவருடைய பேரன்கள் இருவர் கேடயமும் ஈட்டியும் வைத்துக்கொண்டு நிற்பார்கள். மற்றொன்று அடுத்த பேரரசர் டைபீரியஸ் உடையது; அதன் பின்புறம் ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்து கையில் கோலும் கிளையும் ஏந்தியிருப்பாள். அவளை டைபீரியஸின் தாய் லிவியா என்று பலர் கொள்கிறார்கள். பேரரசு முழுக்க நூற்றுக்கணக்கான வகைகள் அடிக்கப்பட்டிருக்க, நம் மண்ணில் இந்த இரண்டும் குவிந்து கிடப்பதற்கு அறிஞர்கள் சொல்லும் முக்கியக் காரணம் வெள்ளியின் தரம். கி.பி. 64-வாக்கில் நீரோ மன்னன் தெனாரியஸின் எடையையும் வெள்ளியின் அளவையும் குறைத்தான். உரைகல்லில் மாற்றுப் பார்த்து வாங்கிப் பழகியவர்களிடம் அந்தப் புதிய காசு எடுபடவில்லை. பழைய காசுகளையே கேட்டு வாங்கியிருக்கிறார்கள். இந்தியா ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணத்தை உறிஞ்சிக்கொள்கிறது என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி குறைபட்டுக்கொண்டார். நாலு செஸ்டர்ஸ் ஒரு தெனாரியஸ். அவர் கணக்குப்படி ஆண்டுக்கு 1 கோடியே 25 லட்சம் தெனாரியஸ் பெறுமான பணம் இந்தப் பக்கம் வந்திருக்க வேண்டும். அவர் மிகைப்படுத்தினார் என்பவர்களும் உண்டு. யவனர் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூற்றின் 149-ஆம் பாட்டும் சொல்கிறது.

இந்தக் கதையில் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது புதுக்கோட்டைப் புதையல். 1898-இல் அங்கே 501 ரோமானியப் பொற்காசுகள் ஒன்றாகக் கிடைத்தன. அகஸ்டஸ் முதல் வெஸ்பேசியன் வரையிலான பேரரசர்களுடைய காசுகள். அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் ஒரு வெட்டு விழுந்திருந்தது. கைதவறி விழுந்த வெட்டு அல்ல. தேர்ந்து, முகத்தின் மேலேயே போட்ட வெட்டு. ‘இனி இது ரோமானியப் பணம் இல்லை, எடைக்கு எடை பொன்’ என்று அறிவிக்கப் போட்டது என்பது ஒரு கருத்து. உள்ளே செம்பு வைத்துப் பொன்முலாம் பூசியிருக்கிறதா என்று பார்க்கப் போட்டது என்பது இன்னொரு கருத்து. என் மனம் முதல் கருத்தின் பக்கம்தான் சாய்கிறது. முலாமைச் சோதிக்க ஓரத்தில் ஒரு கீறல் போதும். முகத்தை வெட்ட வேண்டியதில்லை.

சந்தை அந்த வெட்டை எப்படிப் பார்க்கிறது? அது ஒரு குறை. ஏலப் பட்டியலில் ‘சோதனை வெட்டு உண்டு’ என்று ஒரு வரி சேரும், விலை இறங்கும். வழவழவென்று, முகம் தெளிவாக இருக்கிற காசுக்குத்தான் ஐரோப்பியச் சேகரிப்பாளர் பணம் கொட்டுகிறார். இந்தியாவுக்கு வந்து, இங்கே ஒரு தட்டாரின் கையில் உளி பட்ட காசு மலிந்துபோகிறது. தமிழ் வாசகனுக்கோ அந்த வெட்டு நம் ஊர்க்காரர் போட்ட கையெழுத்து. இணையத்தில் மலிவு தேடுகிற நம்மவர்கள் முதலில் உணர வேண்டியது இது: விலை இறங்குவதற்குச் சந்தைக்கு ஒரு காரணம் இருக்கிறது, அந்தக் காரணம் நமக்கும் காரணமாக இருக்க வேண்டியதில்லை.

மலிவு தேடுவதும் இன்று தொடங்கியதல்ல. காப்டன் டஃப்னெல் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி தென்னிந்தியக் காசு சேகரிப்பாளர்களுக்குக் குறிப்புகள் என்று 1889-இல் ஒரு சிறு நூலே எழுதினார். மதுரையில் டிரேசி, திருநெல்வேலிக் காசுகளில் நாட்டம் கொண்ட லோவந்தால் ஆகிய பாதிரிமார்கள் காசு சேர்த்து அவற்றைப் பற்றி எழுதினார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் 1894-இல் ரோமானிய, இந்தோ-போர்த்துக்கீசிய, இலங்கைக் காசுகளுக்குப் பட்டியல் வெளியிட்டார். பாத்திரக் கடையில் எடைக்குப் போட்ட செம்பும் தட்டார் உலைக்குப் போக இருந்த வெள்ளியும் இப்படிப்பட்டவர்கள் கையில் தப்பிப் பிழைத்தன.

நம் காலத்தில் அந்த வேலையை மிகப் பெரிய அளவில் செய்தவர் தினமலர் ஆசிரியராக இருந்த இரா.கிருஷ்ணமூர்த்தி. கரூர் அமராவதி ஆற்று மணலை அரித்துப் பொன்துகள் தேடும் எளிய மனிதர்கள் உண்டு. பொன்னோடு சில சமயம் தேய்ந்த செப்புக்காசும் சல்லடையில் தங்கும். எவரும் ஏறெடுத்துப் பார்க்காத அந்தக் குட்டிக் காசுகளில்தான் சங்க காலச் சேரர், பாண்டியர் பெயர்கள் தமிழ் பிராமியில் இருக்கின்றன என்று அவர் காட்டினார். பெருவழுதி என்ற பெயர் பொறித்த பாண்டியர் காசு 1980-களில் அவர் மூலம்தான் உலகுக்குத் தெரிந்தது. கரூர், மதுரைப் பக்கம் கிடைத்த பிற்கால ரோமானியச் செப்புக் காசுகளைப் பற்றி 1994-இல் தனி நூல் எழுதினார். அவர் செய்ததும் காசு வாங்கியதுதான். ஆனால் எந்த ஊர், எந்த ஆறு, என்ன எடை என்று எழுதி வைத்தார், அச்சில் போட்டார். இன்று கைபேசியில் வாங்கிப் பெட்டியில் பூட்டுகிறவருக்கும் அவருக்கும் உள்ள தூரம் அவ்வளவு பெரியது.

இப்போது இணையச் சந்தைக்கு வருகிறேன். ரோமானியக் காசு அரிய பொருள் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது தவறு. 2010-இல் இங்கிலாந்தில் ஃபுரோம் என்ற ஊருக்குப் பக்கத்து வயலில் ஒரே பானையில் 52,503 காசுகள் கிடைத்தன. 2016-இல் ஸ்பெயின் நாட்டுத் தோமாரஸ் ஊரில் குழாய் பதிக்கத் தோண்டியபோது சாடி சாடியாக 600 கிலோ எடையுள்ள வெண்கலக் காசுகள் வந்தன. கி.பி. 4-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் குடும்பத்தார் அடித்த வெண்கலக் காசுகளும் இப்படித்தான் பெருக்கம். நான் பார்த்தவரை வெளிநாட்டு இணையக் கடைகளில் இவை இந்திய மதிப்பில் 1,000 முதல் 2,500 ரூபாய்க்கே கிடைக்கின்றன. ஓநாய் இரண்டு குழந்தைகளுக்குப் பால் கொடுக்கும் அழகான ‘உர்ப்ஸ் ரோமா’ காசுகூட அதை ஒட்டிய விலைதான். செப்டிமியஸ் செவிரஸ் காலத்து வெள்ளித் தெனாரியஸ் 6,000, 8,000-க்கு வரும். ஆனால் நம் ஊர்ப் புதையல்களில் வருகிற டைபீரியஸ் தெனாரியஸ் விவிலியத்தில் வரும் ‘வரிக்காசு’ என்று பெயர் வாங்கிவிட்டதால் 25,000-க்குக் குறைந்து நல்லது கிடைப்பது கடினம். பொற்காசு பல லட்சம். ஆகவே ‘டைபீரியஸ் வெள்ளி, 2,000 ரூபாய்’ என்று எங்காவது கண்டால் அதற்கு மலிவு என்று பெயர் இல்லை.

அதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன்பு ஓர் இணையதளத்தில், பெயர் சொல்லாத ஒரு விற்பனையாளரிடம் 1,800 ரூபாய் கொடுத்து ஒரு டைபீரியஸ் வாங்கினேன். வீட்டுக்கு வந்த அன்றே நகைத் தராசில் வைத்தேன்: 2.9 கிராம். தேய்ந்திருக்கும் என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டு உருப்பெருக்கிக் கண்ணாடியில் விளிம்பைத் திருப்பிப் பார்த்தேன். காசைச் சுற்றி நடு விளிம்பில் மெல்லிய கோடு ஒன்று ஓடியது. அதை அரத்தால் ராவியிருந்தார்கள். முகத்தின் கன்னத்தில் ஊசிமுனை அளவுக்குக் குழிகள். அச்சில் வைத்துச் சம்மட்டியால் அடித்த காசில் உலோகம் அழுந்தி இறுகியிருக்கும், எழுத்தைச் சுற்றி உலோகம் ஓடிய வரிகள் தெரியும். இதுவோ உருக்கி ஊற்றிய வார்ப்பு. அடுத்த வாரம் அதே விற்பனையாளர் இன்னொரு டைபீரியஸ் போட்டிருந்தார். என்னிடம் இருந்த காசின் ஓரத்தில் எந்த இடத்தில் வெடிப்பு இருந்ததோ, மூக்குக்கு மேல் எந்த இடத்தில் கீறல் இருந்ததோ, அதே இடத்தில் அதே வெடிப்பு, அதே கீறல். ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகளின் உருவம் ஒத்திருக்கலாம். இரண்டாயிரம் வருடம் தனித்தனியாகப் புழங்கிப் புதைந்த இரண்டு காசுகளுக்கு ஒரே கீறல் விழாது.

அன்றிலிருந்து என் வழக்கம் இது. எடையும் விட்டமும் போடாத விளம்பரத்தைத் தொடுவதில்லை. விளிம்பின் படம் கேட்பேன். தர மறுத்தால் விட்டுவிடுவேன். அதே விற்பனையாளர் முன்பு விற்றவற்றை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பேன், ஒரே காசு இரட்டையாக நிற்கிறதா என்று. ரோமானியப் பேரரசுக் காசுகளில் 40,000-க்கும் மேற்பட்ட வகைகளை அமெரிக்க நாணயவியல் கழகம் ‘ஓக்ரே’ என்ற தரவுத்தளத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அங்கே இல்லாத எழுத்து ஒரு காசில் இருந்தால் சந்தேகப்படுவேன். ‘தோண்டியபடி, கழுவாத காசு நூறு’ என்று மூட்டையாக விற்பதைச் சிலர் லாபம் என்று வாங்குகிறார்கள். பெரும்பாலும் பால்கன் நாடுகளின் வயல்களில் உலோகத் தேடுகருவி வைத்து அள்ளியவை. நல்லவற்றைப் பொறுக்கிக்கொண்டு மிச்சத்தை அனுப்புகிறார்கள். அதை வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். உங்கள் பழைய காசுக்கு லட்சம் தருகிறோம், முதலில் கட்டணம் கட்டுங்கள் என்று ரிசர்வ் வங்கியின் பெயரைச் சொல்லி வரும் அழைப்புகளோ அப்பட்டமான மோசடி. 2021 ஆகஸ்டில் அந்த வங்கியே எச்சரிக்கை வெளியிட்டது.

இனி அக்கா மகனுடைய காசு. படத்தில் தெரிந்தவரை அது பிற்கால ரோமானியச் செப்புக்காசு மாதிரிதான் இருந்தது. 4, 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த இவ்வகை கரூரிலும் மதுரையிலும் கிடைக்கும், இலங்கையில் இன்னும் ஏராளமாகக் கிடைக்கும். ஆக, அசலாக இருக்க இடமுண்டு. ஆனால் வெளிநாட்டுக் கடையில் ரசீதோடு கிடைக்கும் அதே விலைக்கு இங்கே ரசீது இல்லாத காசை வாங்கச் சொல்கிறார்கள். அது மலிவு அல்ல.

சட்டத்தையும் பார்த்துவிடலாம். 1878-ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி மண்ணுக்குள்ளிருந்து 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் கண்டெடுத்தவருக்கு உரிய பங்கும் போய்விடும், ஓராண்டு வரை சிறையும் உண்டு. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைப்பொருள் சட்டம் நூறு வயதைத் தாண்டிய காசையும் தொல்பொருள் என்கிறது. உரிமம் இல்லாமல் அதை விற்கும் தொழில் செய்யக் கூடாது. தனியார் எவரும் நாட்டைவிட்டு அனுப்பக் கூடாது. வெளிநாட்டு ஏலத்தில் வெட்டுப்பட்ட ரோமானியக் காசைக் கண்டு, நம் புதுக்கோட்டை மாதிரி இருக்கிறதே என்று ஆசைப்படுகிறவர்களுக்கும் இதில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. அது எப்போது இந்தியாவை விட்டுப் போனது என்பதற்குப் பழைய ஏலப் பட்டியலோ சேகரிப்பாளர் சீட்டோ இல்லை என்றால் வாங்கக் கூடாது. அண்மைக் காலத்தில் திருட்டுத்தனமாகப் போன காசை நாமே பணம் கொடுத்து ஊக்குவித்தது ஆகிவிடும்.

சட்டம் இவ்வளவு கண்டிப்பாக இருந்தும் காசுகள் ஏன் உலைக்கும் கள்ளச் சந்தைக்கும் போகின்றன? அந்த 1878-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே விடை இருக்கிறது என்பது என் எண்ணம். புதையலை அரசு எடுத்துக்கொள்ள விரும்பினால் கொடுக்க வேண்டியது அதன் உலோக மதிப்பும், கூடவே அதில் ஐந்தில் ஒரு பங்கும். வெள்ளித் தெனாரியஸுக்கு உலோக மதிப்பு சில நூறு ரூபாய். ஒன்றரை கிராம் செப்புக்காசுக்கு இரண்டு ரூபாய் தேறுவதே கடினம். வெயிலில் மணல் அரித்தவர் அந்த இரண்டு ரூபாய்க்காக ஆட்சியர் அலுவலகம் வரை போவாரா? இங்கிலாந்தின் 1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தில் அருங்காட்சியகம் ஒரு புதையலை எடுத்துக்கொண்டால் சந்தை விலையைக் கணக்கிட்டு, கண்டெடுத்தவருக்கும் நிலக்காரருக்கும் பகிர்ந்து தருகிறார்கள். அதனால் அந்நாட்டில் ஆயிரக்கணக்கானோர் தாமாக முன்வந்து தெரிவிக்கிறார்கள். காசோடு, கிடைத்த இடமும் பதிவாகிறது. நம் சட்டத்தில் அந்த ஐந்தில் ஒரு பங்கை மாற்றாதவரை அமராவதியின் காசுகள் ஆற்றின் பெயரை இழந்து கைபேசித் திரைக்குத்தான் வந்துகொண்டிருக்கும்.

கிடைத்த இடத்தின் மதிப்பு எவ்வளவு என்பதற்கு நம் மாவட்டப் பக்கமே சான்று உண்டு. கடலூருக்கு வந்து கடலில் சேரும் தென்பெண்ணையின் மேல்பகுதியில், திருக்கோவிலூர் ஆற்று மணலில் கிடைத்த சிறு செப்புக்காசுகள் சங்க காலக் குறுநில மன்னர்களான மலையமான்களுடையவை என்று அடையாளம் காண முடிந்தது. அந்த ஊர் மலையமான் நாடு என்பதும், காசு அந்த ஆற்றில் கிடைத்தது என்பதும் சேர்ந்துதான் அந்த முடிவுக்கு வலிமை தந்தன. அதே காசு ‘பழைய தென்னிந்தியக் காசு, 400 ரூபாய்’ என்று இணையத்தில் வந்திருந்தால், தேய்ந்த செம்புத்துண்டு என்று நானேகூடத் தள்ளிவிட்டுப் போயிருப்பேன். பண்ருட்டிப் பக்கம் மருங்கூரில் தொல்லியல் துறை 2024-இல் தொடங்கிய அகழாய்வில் ராசராசன் காலச் செப்புக்காசு கிடைத்தபோது, அது எந்தக் குழியில் எந்த ஆழத்தில் இருந்தது என்பதும் கூடவே பதிவானது.

அக்கா மகனிடம் கரூர்க் காசு வேண்டாம் என்று சொன்னேன். ஆசை தீரவில்லை என்றால், பழைய சேகரிப்பிலிருந்து வந்தது என்று எழுதித் தருகிற வெளிநாட்டுக் கடையில் கான்ஸ்டன்டைன் காசு ஒன்றை ரசீதோடு வாங்கு, சுங்கத்தில் உள்ளது உள்ளபடி சொல் என்றேன். என் வார்ப்பு டைபீரியஸையும் அவன் கையில் கொடுத்து விளிம்பைத் தடவிப் பார்க்கச் சொன்னேன்.

வெள்ளாற்றங்கரையிலும் பெண்ணையாற்றங்கரையிலும் இருக்கிற நம் மக்களிடம் ஒரு வேண்டுகோள். அஸ்திவாரம் தோண்டும்போதோ, வயலில் உழும்போதோ, மழைக்குப் பின் ஆற்றோரத்திலோ ஒரு பழங்காசு தட்டுப்பட்டால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். அந்தப் பச்சைக் களிம்பை எடுத்தால் எழுத்தும் அதோடு போய்விடும். கிடந்த இடத்தில் வைத்தே ஒரு படம் எடுங்கள், ஊர், தேதி, எவ்வளவு ஆழம் என்று ஒரு தாளில் எழுதிக் காசோடு வையுங்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலர் வழியாக ஆட்சியருக்குத் தெரிவியுங்கள்.